முதல் ஓலை

அத்தியாயம் 11

கிறிஸ்டி அந்த ஆரஞ்சு நிற டி-ஷர்ட்டை மூன்றாவது முறையாகக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

முன்பக்கம் பனிமலைப் படம். முதுகில் ‘ஞானையா குடும்பம், அலாஸ்கா’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற நாற்பத்து நாலு வயதுக்காரி இதை மாட்டிக்கொண்டு மூவாயிரம் பேர் நடுவில் நடமாட வேண்டுமாம். தம்பி எபி கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்த அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. ஆறே முக்காலுக்கு உடை. ஏழுக்குக் காலைச் சாப்பாடு. பத்தேகாலுக்குப் பனியாற்றின் முன்னால் குடும்பப் படம். மாலை ஏழு மணிக்கு கோட்டு, பட்டுப்புடவை சகிதம் விருந்து.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டு அப்பா ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். எழுபத்திரண்டு வயதில், கப்பல் என்றும் பாராமல், மைதானத்தில் சுற்றுவது போல விடியற்காலை நடை. கையில் போன் கிடையாது. ‘கப்பலுக்குள்ள எங்கட்டி தொலஞ்சிரப் போறேன்?’ என்பார். நாலு நாளில் நாலு தடவை தொலைந்தார்.

இந்தக் கப்பல் பயணமே அவருக்காகத்தான். போன கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், ரசத்தைப் பிசைந்துகொண்டே, ‘நான் சாலோமியைக் கல்யாணம் பண்ணிக்கிடலாம்னு இருக்கேன்’ என்று ஞானையா வாத்தியார் சொன்ன நாளிலிருந்து கிறிஸ்டிக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அம்மா இறந்து நாலு வருஷம்தான் ஆகிறது. சாலோமி டீச்சரோ அம்மாவோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். அறுபத்தாறு வயது வரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். சியாட்டிலில் இருக்கும் எபி ஒரே வரியில் முடிவு சொன்னான்: ‘அப்பாவை இங்கன கூட்டிட்டு வா. பத்து நாள் கப்பல்ல சுத்திக் காட்டுதேன். அப்படியே ஆறு மாசம் எங்கூட வச்சிக்கிடுதேன். தானா மறந்துருவாங்க.’

அப்பா மறுக்காமல் விமானம் ஏறியதே கிறிஸ்டிக்குச் சந்தேகமாக இருந்தது. காரணம் இன்று காலை ஏழே கால் மணிக்குப் போனில் வந்து விழுந்தது.

கணவர் செல்வின் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஊரில் அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆராதனைக்கான அறிவிப்புத் தாள் அது. பாட்டு எண்கள், வேத பாடங்கள், நோயாளிகளுக்கான ஜெபம். அடியில்:

‘முதல் ஓலை. மனைவியை இழந்தவராகிய திரு. ஞானையா அவர்களுக்கும், செல்வி சாலோமி அவர்களுக்கும்.’

கீழே செல்வின் எழுதியிருந்தார்: ‘மாமா உங்கிட்ட சொல்லிட்டாங்களா? எனக்கு ஒண்ணும் புரியல.’

கிறிஸ்டி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் ஆலயத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பாளையங்கோட்டையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வது. அந்த ஐயர் பெயர்களை வாசித்துவிட்டு, தடை ஏதும் உண்டென்று அறிந்தவர் இப்போதே சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்பார். கல்லூரி முடிக்கப் போகிற மகளுக்கு அடுத்த வருஷம் ஓலை வாசிக்கலாம் என்று கிறிஸ்டி கணக்குப் போட்டிருந்தாள். அதற்கு முன் தாத்தாவுக்கு வாசிக்கிறார்கள்!

அப்பா விமானம் ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாலு நாளும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி!

அவள் டி-ஷர்ட்டை மாட்டாமலே பன்னிரண்டாம் தளத்துக்கு ஓடினாள்.

உணவுக் கூடத்தில் திருவிழாக் கூட்டம். எபி ஆரஞ்சு டி-ஷர்ட்டில், இரண்டு மகள்களுக்கும் நடுவே உட்கார்ந்து அட்டவணையில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரீபா தட்டில் பழம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, டி-ஷர்ட் எங்க?”

“ஏலே, வாயை மூடிட்டு இதைப் பாரு.”

எபி பார்த்தான். முகம் டி-ஷர்ட் நிறத்துக்கு வந்தது.

“நாளைக்கா?”

“அங்கன நாளைக்கு. நமக்கு இன்னைக்குச் சாயங்காலம். எட்டரைக்கு ஆராதனை. நமக்கு ஏழு மணி.”

“நீ பக்கத்துலயே இருக்கே, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

கிறிஸ்டிக்குச் சுரீர் என்றது.

“பக்கத்துல இருக்கேன். தெனம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்குச்சட்டியில சோறு கொண்டு வைக்கேன். நீ ஞாயித்துக்கிழமை ஒரு போன் போட்டு, ‘மாத்திரை போட்டீங்களாப்பா’ன்னு கேட்டுட்டு வச்சிருதே. இதுல எனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேக்கியா?”

“மைனி, பைய. பிள்ளைங்க இருக்கு,” என்றாள் ரீபா.

எபி ஐயரைப் போனில் கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். “தூங்கிருப்பாரு,” என்றான். “நாம எதுக்கு ஐயரைப் பிடிக்கணும்? அப்பாவையே பிடிப்போம். பத்தேகாலுக்குப் படம் எடுக்க வருவாங்கல்லா, அப்ப பேசி முடிச்சிருவோம்.”

“உன் அட்டவணையில அதுக்கும் ஒரு கோடு போடு.”

கிறிஸ்டி எழுந்து சன்னலோரம் போனாள். கோபத்தில் இருக்கும்போது எதையும் அனுப்பாதே என்று தன் மாணவிகளுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போனை வாயருகே பிடித்துப் பேசினாள்.

“என்னங்க, இப்பவே சாலோமி டீச்சர் வீட்டுக்குப் போங்க. எனக்கும் எபிக்கும் இதுல துளிகூடச் சம்மதம் இல்லன்னு நேருக்கு நேரா சொல்லுங்க. வயசான மனுஷன் புத்தி தடுமாறுனா, படிச்ச பொம்பளை அதுக்கு இடம் குடுக்கலாமான்னு கேளுங்க. ஓலையை அவங்களே நிறுத்தட்டும். இல்லன்னா நீங்க ஆலயத்துல எந்திரிச்சு நில்லுங்க.”

போய்விட்டது. இரண்டு கோடும் விழுந்தன.

அடுத்த பத்தாவது நிமிஷம், கப்பல் விரிகுடாவுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் மலை எழும்பியது. போனில் இணைப்பு அறுந்தது.

பத்தேகாலுக்குக் கப்பலின் பின்தளத்தில் ரீபாவும் இரண்டு பெண்களும் ஆரஞ்சு நிறத்தில் நின்றார்கள். எபி கேமராக்காரரை நிறுத்தி வைத்திருந்தான். அப்பாவைக் காணவில்லை.

“நீ மேல பாரு, நான் கீழ பாக்குதேன்,” என்றான் எபி.

பதினாறு தளம். கிறிஸ்டி நீச்சல் குளம் பார்த்தாள். நூலகம் பார்த்தாள். முதல் நாள் அவர் இரண்டு மணி நேரம் நின்ற பளு தூக்கும் அறையைப் பார்த்தாள். என் தந்தை, தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் பச்சை மப்ளர் என்று தெரிந்த இங்கிலீஷில் எல்லோரிடமும் கேட்டாள். பார்த்தோம் என்று எல்லோருமே சொன்னார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் வனக்காவலர் ஒருத்தி பனியாற்றின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உலகம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பி நின்று ‘ஆ’ என்று வாய் பிளந்தது. கிறிஸ்டி மட்டும் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு மறுபக்கம் ஓடினாள்.

உணவுக் கூடத்து வாசலில் ஒருவர் அவளை மறித்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி. மேலப்பாளையத்துக்காரர் அசன் மைதீன். இருபது வருஷமாகக் கப்பல் சமையலறையில் இருப்பவர். முதல் நாளே அப்பாவின் பேச்சைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டு, தினமும் மதியம் ஒரு கிண்ணம் ரசம் தனியாகக் கொண்டு வந்து வைப்பார்.

“யாரைத் தேடுதிய? வாத்தியார் ஸாரையா? ஏழாந் தளத்துல முன்பக்கம் ஒரு கதவு உண்டு. இன்னைக்கு மட்டும்தான் அதைத் திறந்து விடுவாங்க. நான்தான் அங்கன கொண்டு விட்டேன். கூட்டம் இருக்காதுல்லா.”

“ரொம்ப நன்றி அண்ணாச்சி,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஐந்து தளம் படியிறங்கினாள்.

கனத்த இரும்புக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. கப்பலின் மூக்கு நுனி. பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். கம்பியைப் பிடித்தபடி குரங்குக் குல்லாய்.

“அப்பா!”

ஞானையா திரும்பாமலே கையைத் தூக்கி, சும்மா இரு என்று காட்டினார்.

எதிரே அடுக்கடுக்காய் நீலம். அதை அவள் அப்போதுதான் பார்த்தாள். கடலிலிருந்து நேராக எழும்பிய பனிச்சுவர், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். அதன் நெற்றியிலிருந்து வீட்டளவு துண்டு ஒன்று பெயர்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...” என்று அப்பா எண்ணினார். வெடி வைத்தது போலச் சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. “ஒன்றரை கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடவே தள்ளி நிக்கோம். முக்கால் கிலோமீட்டர்னு அந்தப் பிள்ளை மைக்குல தப்பாச் சொல்லுது.”

நாற்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர். கிறிஸ்டிக்குப் பொறுமை போயிற்று.

“இன்னைக்குச் சாயங்காலம் உங்களுக்கு முதல் ஓலை.”

அப்பா திரும்பினார். கொஞ்சமும் அதிரவில்லை.

“செல்வின் சொன்னாரா?”

“அதுவா முக்கியம்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா? ஊரு முழுக்க நோட்டீஸ் போயிருக்கு. பெத்த பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்கன ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கிட்டு அலையுதோம்!”

“டிசம்பர்லயே சொன்னேன்லாட்டி.”

“நாங்க வேண்டாம்னு சொன்னோம்!”

“ஆமா. நீங்க வேண்டாம்னு சொன்னதும் நான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் யோசிச்சேன்.”

“அம்மாவை நெனச்சிப் பாத்தீங்களா?”

அந்தக் கேள்வியில் அப்பாவுக்கும் கோபம் வந்தது. மப்ளரை இழுத்துவிட்டார்.

“உங்கம்மாவை நெனைக்காம நான் என்னைக்கு இருந்தேன்? நீ வந்து சோத்தை வச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல போயிருதே. உன்னைக் குத்தம் சொல்லல, உனக்கு வீடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. அந்த அஞ்சு நிமிஷமும் அம்மா படத்துக்குப் பூ மாத்திட்டு, கேஸ் மூடியிருக்கான்னு பாத்துட்டுப் போவே. என் மூஞ்சியப் பாத்து என்னைக்காவது உக்காந்தியா?”

கிறிஸ்டி வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார்.

“போன ஆகஸ்ட்ல படியில கால் பிசகிச்சுன்னு சொன்னேன்லா?”

“ஆமா.”

“படியில இல்ல. குளியல் ரூம்ல விழுந்தேன். காலைல ஏழு மணி. பத்தரை வரைக்கும் எந்திரிக்க முடியல. நீ ரெண்டு மட்டம் போன் அடிச்சே. எனக்குக் கேட்டுச்சு. ஹால்ல கெடந்து அடிச்சுச்சு.”

அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தாள். அன்றைக்குத் திருப்புதல் தேர்வு.

“எப்படி எந்திரிச்சீங்க?”

“ஆலயத்துக் கூட்டத்துக்கு நான் வரலியேன்னு சாலோமி வந்து பாத்தா. கதவு உள்பக்கம் பூட்டிருக்கு. பக்கத்து வீட்டு வன்னியராஜைக் கூப்பிட்டு உடைச்சிட்டு வந்தா. ரெண்டு பேரும் தூக்கி உக்கார வச்சாங்க. அப்புறம் அழுதா பாரு... பயந்து அழல. கோவத்துல அழுதா. ஒரு மனுஷன் மூணரை மணி நேரம் தரையில கெடந்தும் ஒருத்தருக்கும் தெரியலியேன்னு சுவத்தப் பாத்து ஏசுதா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னா உன் தம்பி என்னைப் பெட்டியில போட்டு அமெரிக்காவுக்குக் கொண்டு போயிருவான்.”

“அதுக்காகக் கல்யாணமா? வீட்டுல ஆள் வைக்கலாம்லாப்பா?”

“பாத்தியா, நீயும் ஆள் வைக்கிற கணக்குக்கு வந்துட்டே.” ஞானையா சலித்துக்கொண்டார். “ஆள் வேணும்னா நானே வச்சிருக்க மாட்டேனா? எனக்கு அவகூடப் பேசிட்டு இருக்கணும். பேப்பர்ல ஒண்ணு படிச்சா அவகிட்டச் சொல்லணும்னு இருக்கு. நான் சொல்லுதது தப்புன்னா தப்புன்னு சொல்லுதா. உங்கம்மாவும் அப்படித்தான். நீங்க எல்லாரும் நான் என்ன சொன்னாலும் சரிப்பான்னுட்டுப் போயிருதீங்க.”

இன்னொரு துண்டு விழுந்தது. இந்தத் தடவை அவர் எண்ணவில்லை.

கிறிஸ்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. குளிராலா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் மப்ளரின் ஒரு முனையை நீட்டினார். துடைத்துக்கொண்டாள்.

“அந்த டீச்சர் உடனே சரின்னுட்டாங்களா?”

“எங்க? ரெண்டு தடவை முடியாதுன்னுட்டா. மூணாவது தடவை ஒரு நிபந்தனை. உங்க ரெண்டு பிள்ளைங்களும் மனசாரச் சம்மதிச்சாத்தான் ஓலைன்னா.”

“நாங்க சம்மதிக்கலியே?”

அப்பா பனியாற்றைப் பார்த்தார்.

“சம்மதிச்சிட்டீங்கன்னு சொல்லிட்டேன்.”

“அப்பா!”

சுற்றி நின்ற பத்துப் பேரும் திரும்பினார்கள்.

“எப்படியும் சம்மதிச்சிருவீங்கன்னு நெனச்சேன். கப்பல்ல பத்து நாள் கூட இருப்பீங்க, பைய பேசிக்கிடலாம்னு இருந்தேன். உன் தம்பி எங்க பேச விடுதான்? ஏழு மணிக்கு இது, எட்டு மணிக்கு அதுன்னு ஒரு தாளைக் கையில திணிச்சிருதான்.”

கிறிஸ்டிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு கணம்தான். அடுத்த கணம் காலையில் தான் பேசி அனுப்பியது ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் ஓடியது. படிச்ச பொம்பளை இடம் குடுக்கலாமா. போனை எடுத்துப் பார்த்தாள்; இணைப்பு இல்லை.

“என்னட்டி? முகம் ஏன் இப்படி வெளுக்கு?”

“ஒண்ணுமில்லப்பா. குளிருது.” பிறகு, எதற்கென்று யோசிக்காமலே சொன்னாள். “எனக்குச் சம்மதம்ப்பா. எபிகிட்ட நான் பேசுதேன்.”

ஞானையா வாத்தியார் குரங்குக் குல்லாயைக் கழற்றி, வழுக்கையைத் தடவி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் கிறிஸ்டியின் பகல் முழுவதும் ஒரு போனோடு கழிந்தது.

வரவேற்பு மேசைப் பெண், மலைகள் மறைக்கின்றன, மாலையில் இணைப்பு வந்துவிடும் என்றாள். ஒரு மணிக்கும் அதையே சொன்னாள். மூன்று மணிக்குக் கிறிஸ்டியைக் கண்டதுமே இல்லை என்று தலையாட்டினாள். உயரத்தில் கிடைக்குமோ என்று கிறிஸ்டி பதினாறாம் தளத்துக்கு ஏறினாள். மூலைக்கு மூலை போனைத் தூக்கிப் பிடித்தாள். கடல்நாயைக் கண்டுவிட்டாள் என்று நினைத்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

எபியை அவன் அறை வாசலில் பிடித்து, குளியலறையில் அப்பா விழுந்ததையும், தான் சம்மதம் சொல்லிவிட்டதையும் சொன்னாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே.”

“எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

“அதுக்காக உடனே சரின்னு சொல்லிருவியா? யோசிக்க வேண்டாமா? மொதல்ல இங்கன ஒரு டாக்டர்கிட்டக் காட்டுவோம், பிறகு...”

“எபி,” என்று உள்ளேயிருந்து ரீபா கூப்பிட்டாள். “மாமாவை இன்னும் எத்தனை நாளைக்கு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கி வைப்பீங்க? அவங்க என்ன சாமானா?”

எபி கையில் இருந்த அட்டவணையை இரண்டாக மடித்தான். பிறகு நாலாக. “ஓலை மூணு இருக்குல்லா,” என்றான் கடைசியில். “மூணாவதுக்குள்ள எனக்கும் பழகிரும்.”

ஆறே முக்காலுக்கு, பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, போன் உறுமியது. கிறிஸ்டி மடிப்பை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். ‘சாலோமி டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொன்னதெல்லாம் வாபஸ். உடனே கூப்பிடுங்க.’ அனுப்பினாள். இரண்டு கோடு விழுந்தது. நீலமாகவில்லை. கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஊரில் எட்டேகால் மணி. ஆலயத்துக்குப் போகும்போது போனை அமைதியாக்கிவிடுவது செல்வினின் இருபது வருஷப் பழக்கம்.

விருந்துக் கூடத்தில் அப்பா கறுப்புக் கோட்டும் நீல டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி உட்கார்ந்திருந்தார். நாலு வருஷத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. எபி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அசன் மைதீன் சமையலறையிலிருந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாத்தியார் ஸார் இப்பத்தான் விஷயத்தைச் சொன்னாங்க. மாஷா அல்லாஹ்!”

“இந்நேரம் ரெண்டாவது பாட்டு முடிஞ்சிருக்கும்,” என்று அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, “இந்நேரம் வாசிச்சிருப்பாரு,” என்றார். அவருக்கு வெட்கம் வந்தது. தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

எட்டு மணிக்குக் கிறிஸ்டியின் போன் அடித்தது. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளித்தளத்துக்குப் போனாள். அங்கே இன்னும் பளிச்சென்று வெயில்.

“இப்பத்தான் உன் மெசேஜைப் பாத்தேன்,” என்றார் செல்வின். குரல் விட்டு விட்டு வந்தது. “பிரசங்கம் ஆரம்பிச்சிட்டு. நான் வெளிய வந்து நிக்கேன்.”

“டீச்சர்கிட்டப் போனீங்களா?”

“ராத்திரி போக மனசு வரல. காலைல ஏழரைக்குப் போனேன். எனக்குச் சொல்லத் தெரியல கிறிஸ்டி. நீ பேசுனதையே போட்டுக் காட்டிட்டேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“முழுசும் கேட்டாங்க. ‘பிள்ளைங்க சம்மதிச்சதா அவங்க சொன்னாங்களே’ன்னு மட்டும் கேட்டாங்க. பிறகு காப்பி குடிக்கியளான்னாங்க. நான் வந்துட்டேன். ஐயர் வேற ஆலயத்துல ஆராதனை முடிச்சிட்டு நேரா உள்ளதான் வந்தாரு, அவர்கிட்ட ஒருத்தரும் பேச முடியல. ஓலையை வாசிச்சாரு. தடை உண்டான்னு கேட்டாரு.”

“நீங்க எந்திரிச்சீங்களா?”

“நான் எந்திரிக்கல. சத்தியமா எந்திரிக்கல. சாலோமி டீச்சரே எந்திரிச்சாங்க.”

கிறிஸ்டி கம்பியைப் பிடித்தாள்.

“‘ஐயா, அந்தப் பொண்ணு நான்தான். எனக்குச் சம்மதம் இல்ல, ஓலையை நிறுத்துங்க’ன்னாங்க. ஆலயமே மூச்சு விடல. ஐயர் கையில தாளோட அப்படியே நிக்காரு. சொல்லிட்டு அவங்க வெளிய போகல கிறிஸ்டி. உக்காந்து பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து அடுத்த பாட்டைப் பாடுனாங்க. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்காங்க. அவங்க பாடுதாங்க.”

செல்வின் இன்னும் என்னவோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அப்பாவுக்கு முன்னால் யாரோ கேக் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராதனை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உள்ளே போய் அந்த மேசையில் உட்கார அவளால் முடியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தளத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடந்தாள். ரீபா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினாள். எட்டே முக்காலுக்கு சாலோமி டீச்சரின் எண்ணை அழுத்தினாள். உடனே எடுத்துவிட்டார்.

“டீச்சர், நான் கிறிஸ்டி.”

“தெரியுது. உங்க அப்பா பக்கத்துல இருக்காங்களா?”

“இல்ல, உள்ள இருக்காங்க. டீச்சர், காலைல நான் பேசுனது... எனக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க விழுந்தது தெரியாது. நீங்க கதவை உடைச்சது தெரியாது. கோவத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க.”

மறுமுனையில் காக்கைகள் கத்தின. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஆலய வளாகம் கலைந்துகொண்டிருந்தது.

“நீ பேசுனது எனக்கு வலிச்சிச்சு,” என்றார் சாலோமி டீச்சர். “ஆனா நான் ஓலையை நிறுத்துனது அதுக்காக இல்ல. பொய் சொல்லி வாசிச்ச ஓலைக்கு நான் எப்படித் தலையாட்ட முடியும்? உங்க அப்பாவை நான் பெறவு பாத்துக்கிடுதேன். அதை விடு. இப்ப உனக்கு என்ன இருக்கு மனசுல?”

“எனக்குச் சம்மதம் டீச்சர்.”

“போன்ல யாரும் சொல்லிரலாம்.” குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது. “பொண்ணுங்க பக்கம் மூணாவது பெஞ்சில உங்க அம்மா உக்கார்ற இடம் நாலு வருஷமா காலியாத்தான் கெடக்கு. அதுக்குப் பக்கத்துலதான் நான் உக்காருதேன். நீயும் அதைத் தாண்டித் தாண்டிப் போய் பின்னால பாடகர் குழுவுல நின்னுக்கிடுதே. இன்னொரு தடவை ஓலை வாசிக்கணும்னா, அன்னைக்கு நீ வந்து அந்த இடத்துல உக்காரணும். எனக்குப் பக்கத்துல, ஊரு பாக்க. உக்காருவியா?”

கிறிஸ்டி நடப்பதை நிறுத்தினாள். அம்மாவின் அடக்க ஆராதனைக்குப் பிறகு அந்தப் பெஞ்சை அவள் கையால்கூடத் தொட்டதில்லை.

“யோசிச்சுச் சொல்லு. நான் போனை வைக்கல.”

கண்ணாடிக் கதவு திறந்தது. கோட்டில் கேக் துணுக்கு ஒட்டியிருக்க, அப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

“ஏட்டி, இவ்வளவு நேரமா இங்கன என்ன பண்ணுதே? கேக் வெட்டியாச்சு. யாரு போன்ல?”

கிறிஸ்டி அவரைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“உக்காருதேன் டீச்சர்,” என்றாள்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

“டீச்சரா? ஆராதனை முடிஞ்சதும் முடியாததுமா, எங்கிட்டப் பேசாம உங்கிட்ட எதுக்குட்டி பேசுதா?”